பிரான்ஸிலிருந்து வந்த பையனும் 'எதிர்த்துப் பேசுகிறான்' என்ற புகாரும்

கேட்டவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு தாய். கணவரின் வேலைக்காகப் பாரிஸ் புறநகரில் 7 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. எட்டு வயது மகன் இங்கே ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்குள் மூன்று முறை பள்ளியில் கூப்பிட்டுவிட்டார்கள். டீச்சரை 'நீ' என்கிறான், திட்டினால் முறைக்கிறான், இடத்தில் உட்காருவதில்லை, போதாக்குறைக்கு ஒரு பெண் பிள்ளையின் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டான். 'நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்' என்கிறார் மாமியார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்காவின் மகனுக்கும் இதே வயதுதான். அவனோ வாயே திறக்காத தங்கமான பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கியிருக்கிறான். 'அப்படியென்றால் என் வளர்ப்புதான் தப்பா?' என்று கேட்கிறார்.

தப்பு இல்லை. அதே சமயம் அந்த டீச்சர் சொல்வதும் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். நான் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக 30 வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவன் கேட்டு வளர்ந்தது வேறு ஊரின் பேச்சு, அவ்வளவுதான்.

முதலில் அந்த 'நீ' விஷயம். கணக்கு வகுப்பில் டீச்சர் அவசரத்தில் ஏழெட்டு 54 என்று கரும்பலகையில் எழுதிவிட்டார், இவன் எழுந்து 'மிஸ், நீ தப்பா போட்டுட்ட' என்றான், வகுப்பே கொல்லென்று சிரித்தது, டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சமையலறையிலிருந்து வந்தது. 'வாடா, சாப்பிடு, தூங்கு, போ' என்று நீங்கள் அவனிடம் பேசிய தமிழ். 'அம்மா, நீ வா' என்று அவன் உங்களிடம் திருப்பிப் பேசிய தமிழ். வீட்டில் மூன்றே பேர். வாசலில் யாராவது வந்து நின்று, 'வாங்க, உக்காருங்க' என்று நீங்கள் சொல்வதை அவன் எத்தனை முறை கேட்டிருப்பான்? பிரெஞ்சுப் பள்ளியிலும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் டீச்சரை 'மெத்ரெஸ்' என்று கூப்பிட்டு, 'த்யூ' போட்டுப் பேசுவது சாதாரணம். 'த்யூ' என்றால் நம் 'நீ'. 'வூ' என்ற மரியாதைப் பன்மையை அவர்கள் போகப் போகத்தான் பழகுகிறார்கள். ஆக இரண்டு மொழியும் சேர்ந்து அவன் கையில் கொடுத்தது ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டுதான் அவன் டீச்சரிடம் போயிருக்கிறான்.

இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு நாலு வயதிலேயே இந்தக் கணக்கு பழகிவிடும். அம்மாவுக்கு நீ, அப்பாவுக்குப் பல வீடுகளில் நீங்க, ஆயாவுக்கு நீ, பெரியப்பாவுக்கு நீங்க, மளிகைக் கடை அண்ணாச்சிக்கு நீங்க. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாள் முழுக்க வீட்டுக்கு வந்து போகிறவர்களைப் பார்த்தே படிந்துவிடுகிறது. (நம் பக்கத்தில் பாட்டியும் ஆயா, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும் உதவியாளரும் ஆயா. ஒருவருக்கு நீ, இன்னொருவருக்கு நீங்க. வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு குழப்பம் என்று நாம் நினைத்தே பார்ப்பதில்லை.)

அந்த வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 'நீ' என்பதை 'நீங்க' என்று மாற்றி, 'மிஸ், நீங்க தப்பா போட்டுட்டீங்க' என்று சொல்லியிருந்தாலும் டீச்சருக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். பெரியவர்களின் பிழையைச் சொல்லத் தமிழில் ஒரு நயமான வழி உண்டு. பிழையை யார் தலையிலும் கட்டாமல், அது தானாக நடந்ததுபோலச் சொல்வது. 'மாறிப்போச்சு', 'விட்டுப்போச்சு', 'ஐம்பத்தாறு வருதே மிஸ்'. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைத்தான் செய்யும். டீச்சரும் 'அட, ஆமாம்ல' என்று சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். உங்கள் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இந்த 'வருதே மிஸ்'தான். பிழையைக் கண்டால் சொல்லாதே என்று மட்டும் தயவுசெய்து பழக்கிவிடாதீர்கள்.

முறைப்புக்கு வருகிறேன். பிரான்ஸில் பிள்ளையைக் கண்டிக்கும்போது, 'நான் பேசும்போது என்னைப் பார்' என்பார்கள். கண்ணைத் தாழ்த்தினால் மறைக்கிறான், கவனிக்கவில்லை என்று அர்த்தம். நம் ஊரில் அப்படியே தலைகீழ். திட்டு வாங்கும் பிள்ளை தரையைப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்தால், 'என்னடா முறைக்கிற?' என்று இரண்டாவது திட்டு விழும். உங்கள் பையன் அங்கே எது மரியாதை என்று பழகினானோ அதை இங்கே அச்சுப் பிசகாமல் செய்கிறான், அதற்கே திட்டு வாங்குகிறான். இங்கிருந்து அங்கே போகும் பிள்ளைகளுக்கும் இதே கதை உண்டு. நம் பிள்ளை பக்கவாட்டில் தலையை ஆட்டும். நமக்கு அது 'சரி'. அங்கே அது 'மாட்டேன்'. கேள்வி கேட்டால் பேசாமல் நிற்கும். நமக்கு அது பணிவு, அங்கே அது 'மொழி புரியவில்லை, தனி வகுப்பில் போடு'.

கன்னத்து முத்தத்துக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கன்னத்தோடு கன்னம் வைப்பது அங்கே வணக்கம் சொல்வதுபோல. இங்கே தோழிகளுக்குக் கை ஆட்டினால் போதும் என்று ஒருமுறை சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். பெரியவர்கள் அதைப் பெரிதாக்கி அவனுக்கு அசிங்கமாக்கிவிடாமல் இருந்தால் சரி.

'வெளிநாட்டில் பிள்ளைகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அதான் இப்படி' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பிரான்ஸைப் பொறுத்தவரை இது சுத்தமாகத் தவறு. கடைக்குள் நுழைந்த பிள்ளை 'போன்ஜூர்' சொல்லாவிட்டால் கடைக்காரரே திருத்துவார். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் முடிக்கும்வரை உட்கார வேண்டும், நடுவில் கண்டதைக் கொறிக்கக் கூடாது, மாலை நாலு மணிச் சிற்றுண்டி ஒன்றுதான். இரவு எட்டு, எட்டரைக்கெல்லாம் படுக்கை, அதுவும் பெரும்பாலும் தனி அறையில். மூன்று வயதிலிருந்தே பள்ளி. 2019 முதல் அது சட்டப்படி கட்டாயம். 'மெர்சி' சொல்லாமல் ஒரு பொருளை வாங்கிக்கொண்டால் அங்கே மட்டுமரியாதை தெரியாத பிள்ளை. நம் வீட்டில் அம்மா தண்ணீர் கொடுத்ததற்கு 'நன்றி' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'என்னடா, என்னை வேற்றாள் ஆக்கிட்ட?' என்பார்கள்.

எனக்கு நெடுநாளாக ஒரு கணிப்பு உண்டு. கயிற்றை எப்போது தளர்த்துகிறோம், எப்போது இறுக்குகிறோம் என்பதில்தான் இரண்டு ஊர்களும் வேறுபடுகின்றன. அவர்கள் சின்ன வயதில் இறுக்கிப் பிடித்து வயது ஏற ஏற விடுகிறார்கள். நாம் ஐந்து வயதுவரை ராஜா, ராஜாத்தி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறோம். நிலாவைக் காட்டி ஊட்டுகிறோம். பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், 'அப்பா, என்ன வாய் பாரு' என்று கைதட்டிச் சிரிக்கிறோம். பிறகு பள்ளிக்கூடம் போனதும் ஒரே நாளில் கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறோம். நேற்றுவரை ரசித்த அதே வாய் இன்று 'வாய்' என்று புகார் ஆகிவிடுகிறது. ஏழெட்டு வயதில் அங்கே கயிறு தளர ஆரம்பிக்கிறது, இங்கே முழு இறுக்கத்துக்கு வருகிறது. உங்கள் பையன் சரியாக அந்த வயதில் விமானம் ஏறியிருக்கிறான்.

இதை ஆராய்ந்தவர்களும் பட்டுத்தான் கற்றார்கள். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கலிபோர்னியாவில் பெற்றோர்களைக் கவனித்து மூன்றாகப் பிரித்தார். கட்டளையிட்டு அடக்குகிறவர்கள், கண்டிப்பும் காரணமும் அன்பும் சேர்த்து வளர்க்கிறவர்கள், இஷ்டப்படி விடுகிறவர்கள். நடுவில் இருக்கிறவர்களின் பிள்ளைகள்தான் நன்றாக வருகிறார்கள் என்றார். இன்றைக்கும் பெற்றோருக்கான கூட்டங்களில் இதைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அவர் பார்த்தவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்கள். 1994-ல் ரூத் சாவோ என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் வாழும் சீனத் தாய்மார்களைப் பார்த்து வேறொன்றைச் சொன்னார். அந்தப் பட்டியலில் அவர்கள் 'அடக்குகிறவர்கள்' கட்டத்தில்தான் விழுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள். காரணம், அந்தத் தாய்மாரின் மொழியில் கண்டிப்பது என்ற சொல்லுக்குள்ளேயே பார்த்துக்கொள்வது, பழக்குவது என்ற பொருளும் கிடக்கிறது. பிள்ளையும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. நம் 'அடக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பெருமை. அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினால் என்னமோ பிள்ளையை மூட்டை கட்டி வைத்ததுபோல் தொனிக்கும்.

ஆக எந்த ஊர் அளவுகோலையும் இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் 'அது அவர்கள் வழக்கம்' என்று நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரான்ஸ், இந்தியா என்று பேசிக்கொண்டே போனால் ஒன்று மறைந்துவிடும். நம் ஊருக்குள்ளேயே எத்தனை ஊர் இருக்கிறது! புதுச்சேரியில் பத்து கிலோமீட்டருக்குள் பாருங்கள். 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே என்ற பள்ளி, அங்கே பாடமும் பிரான்ஸின் பாடம். 1844-ல் வந்த பெத்தி செமினேர் போன்ற கிறிஸ்தவப் பள்ளிகள். 1943-ல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி, அங்கே பட்டமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. வடக்கே போனால் 1968-ல் பிறந்த ஆரோவில், சுற்றுக் கிராமப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் பள்ளிகள். நடுவில் அரசுப் பள்ளிகள். இவற்றில் ஒன்றில் 'நல்ல பிள்ளை'யாக இருக்கும் குழந்தையைத் தூக்கி அடுத்ததில் போட்டால் முதல் வாரமே புகார் வரும். சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்களில், இது மூன்று தலைமுறைக் கதை. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்.

இன்னும் கிட்டே வருகிறேன். கடலூரில் வேலை பார்த்தபோது என் வகுப்பில் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் இருந்தான். மெதுவாகப் பேசவே தெரியாது. 'உள்ளேன் ஐயா' சொன்னால் அடுத்த வகுப்பில் கேட்கும். கேட்காமலே எழுந்து ஓடுவான். யாருடைய பை விழுந்தாலும், தண்ணீர்க் குடம் சாய்ந்தாலும், ஜன்னல் காற்றில் அடித்தாலும் இவன் அங்கே நிற்பான். 'உன்னை யார் எழுந்திருக்கச் சொன்னது?' என்று அவனை எத்தனை நாள் வெளியே நிறுத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் வாங்கத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. அலைச் சத்தம், காற்று, இன்ஜின் சத்தம், ஏலம் கூவுகிற சத்தம். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் விலை கேட்க நானே கத்த வேண்டியிருந்தது. அங்கே என் மாணவன் அவன் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு படகு கரை தட்டியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அருகில் நின்ற அத்தனை பேரும், இந்தப் பொடியனும் சேர்த்து, ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தார்கள். அங்கே, 'நான் எழுந்திருக்கலாமா?' என்று அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறவன்தான் மரியாதை கெட்டவன். அன்று மீன் வாங்கினேனா என்பதுகூட நினைவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்காக அவனைக் கத்திக்கொண்டே இருக்க விட்டுவிடவில்லை. 40 பேர் இருக்கும் அறை அது, மற்றவர்கள் படிக்க வேண்டும். 'இது கரைக் குரல், இது வகுப்புக் குரல்' என்று அவனுக்குச் சொன்னேன். நோட்டு கொடுப்பது, தண்ணீர் பிடிப்பது, ஜன்னல் சாத்துவது எல்லாம் உன் பொறுப்பு, கேட்காமலே எழுந்திருக்கலாம் என்றேன். அரைப் பருவத்துக்குள் குரல் இறங்கிவிட்டது. 'ரௌடி' என்று என் பக்கத்து டீச்சர் பட்டம் கொடுத்த பையன் அவன்.

இந்த வரிசையாக உட்கார வைக்கும் பள்ளிக்கூடத்தை நம் பழைய பண்பாடு என்று நினைக்க வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுத்தான் படித்தார்கள், மணலில் எழுதினார்கள், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1790களில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுப் போய் இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பரப்பினார். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் கிளாஸ் லீடராகத் திரும்பி வந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அதே திண்ணைப் பள்ளியில்தான் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. பழையது எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை.

கோதண்டம் என்றதும் உங்கள் மாமியாரின் யோசனைக்கு வந்துவிடலாம். விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொன்ன விஷயம் இதுதான். 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்பார்கள். முருங்கையைப் பொறுத்தவரை உண்மை. கிளையை ஒடித்தால் நன்றாகத் துளிர்க்கும். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்' என்று என்னிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன அப்பாக்களின் எண்ணிக்கை சொல்லி மாளாது. அவர்கள் கொடியவர்கள் கிடையாது, பாசத்தில்தான் சொன்னார்கள். அடி சாதாரணமாக இருக்கும் ஊரில் அடி வாங்கும் பிள்ளைக்கு அவ்வளவு பாதிப்பு இராது என்றும் ஒரு வாதம் உண்டு. 2005-ல் ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் உடனிருந்தவர்களும் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தார்கள். அடி வழக்கமாக இருக்கும் இடத்தில் அதற்கும் பிள்ளையின் முரட்டுத்தனம், பதற்றம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை. ஊரே அடித்தாலும், அதிகம் அடி வாங்கும் பிள்ளை அதிகம் முரடாகவோ பயந்தோ இருந்தது.

சட்டமும் தெளிவு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது ஸ்வீடன், 1979-ல். பிரான்ஸுக்கே அதற்கு 2019 வரை ஆனது. அதனால் 'அவர்கள் அடிப்பதே இல்லை' என்று மாமியாரிடம் வாதாடப் போகாதீர்கள். அங்கேயும் தாத்தா பாட்டி தலைமுறை பிள்ளைகளின் பின்புறத்தில் நன்றாகவே கொடுத்திருக்கிறது. வேறு விதமாகப் போங்கள். 'அத்தை, இவனுக்கு நீங்கதான் "நீங்க", "வாங்க" எல்லாம் சொல்லிக்கொடுக்கணும். நான் சொன்னா வர மாட்டேங்குது' என்று பொறுப்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சாத்துவதற்கு நேரமே இருக்காது.

உட்காராத பிரச்சினையைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளியில் வாரத்துக்கு 24 மணி நேரம்தான் பாடம். மதியம் குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவேளை, காலையும் மாலையும் முற்றத்தில் கத்தி ஓட நேரம். இங்கே ஒரு பெஞ்சில் மூன்று பேர், பீரியட் மேல் பீரியட், பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு, அதையும் பரீட்சை வந்தால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். போதாததற்குத் தூக்கம். அங்கே எட்டரைக்குத் தூங்கியவன் இங்கே வந்தவர் போனவர், டிவி, ஒன்பதரை மணி இட்லி என்று பத்தரைக்குப் படுக்கிறானா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தூக்கம் போதாத பெரியவர் சாய்ந்து கிடப்பார், தூக்கம் போதாத பிள்ளை துள்ளும். முதலில் இரண்டு வாரம் ஒன்பது மணிக்குப் படுக்கவையுங்கள். பள்ளி விட்டு வந்ததும் டியூஷனுக்கு அனுப்பாமல் ஒரு மணி நேரம் தெருவிலோ கடற்கரையிலோ ஓட விடுங்கள்.

கவனக்குறைவு நோயோ என்று பயந்து யாராவது சொல்லியிருந்தால், ஒன்றைப் பாருங்கள். அந்தக் கோளாறு என்று மருத்துவர் சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிரான்ஸில் இருந்த பள்ளியின் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் இதே புகார் இருந்ததா? அங்கேயும் இருந்து, வீட்டிலும் அவனால் பத்து நிமிடம் ஒரு வேலையில் நிற்க முடியவில்லை என்றால், தயங்காமல் ஜிப்மர் மனநலப் பிரிவிலோ ஒரு நல்ல குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அங்கே ஒழுங்காக இருந்தவன் இங்கே வந்து ஆடுகிறான் என்றால் இது பழக்கம் மாறும் பாடு. என் அனுபவத்தில் ஒரு பள்ளி ஆண்டு ஆகும்.

இனி அக்கா பையன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அவன்தான். வாயே திறக்காத பிள்ளையைப் பள்ளி புகழும். ஏனென்றால் அவனால் யாருக்கும் வேலை இல்லை. அக்காவிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, அவன் பள்ளியில் ஒன்றுக்குப் போகிறானா? எழுந்து கேட்கப் பயந்து காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு, வீட்டுக்குள் வந்ததும் பையை வீசிவிட்டுக் குளியலறைக்கு ஓடும் 'தங்கமான' பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். இரண்டாவது, பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்கிறான்? பக்கத்துப் பையனிடமாவது கேட்கிறான் என்றால் கவலை இல்லை. சில பிள்ளைகள் சுபாவத்திலேயே அமைதி. யாரிடமும் கேட்பதில்லை என்றால், உங்கள் பையனுக்கு வந்த புகாரைவிட அது பெரிய புகார், சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது 'பிரான்ஸில் இப்படியெல்லாம் கிடையாது' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் கதவு சாத்திக்கொள்ளும். அவருக்கு 40 பிள்ளைகள், ஆயிரம் ரெஜிஸ்டர். 'மிஸ், இவனுக்குத் தமிழ்ல "நீ" மட்டும்தான் தெரியும், நாங்க சொல்லிக்கொடுக்கத் தவறிட்டோம், இப்ப பழக்கிட்டிருக்கோம்' என்று தொடங்குங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். 'மிஸ்ஸை வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை' என்பது அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு கண்ணைப் பார்க்கிற விஷயத்தைச் சொல்லுங்கள். கடைசியாக, எழுந்து நடக்கிற வேலை ஏதாவது அவனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நோட்டு அடுக்குவதோ, கரும்பலகை துடைப்பதோ, எதுவானாலும் சரி.

வீட்டில் பாடம் நடத்த வேண்டாம், கடை விளையாட்டு போதும். மாமியார் கடைக்காரர், அவன் வாங்க வந்தவன், 'நீங்க' வராவிட்டால் சாமான் கிடையாது. அடுத்த நாள் அவன் கடைக்காரன். தெருமுனைக் கடைக்கு நிஜமாகவே அனுப்புங்கள், தனியாக. அங்கே அவன் 'போன்ஜூர்' சொன்ன பழக்கத்தில் இங்கேயும் ஏதாவது சொல்லத் துடிப்பான். 'அண்ணா, ஒரு பால் பாக்கெட் குடுங்க' என்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அனுப்பினால் போதும். திரும்பி வந்து கடைக்காரர் என்ன சொன்னார் என்று அவன் சொல்வதைக் கேளுங்கள்.

டீச்சரைப் பார்க்கப் போகும் அன்று மாமியாரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பையனை மட்டும் அழைத்துப்போங்கள். அவனைப் பற்றி நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்பது அவன் காதிலும் விழட்டும்.